மய்யழிக் கோட்டையும் மாரப்பன் பாத்தியும்

நான் வெளிநாடு போய்வந்தவன். எங்கள் ஊரான பெருமாட்டியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கப்பலேறவில்லை, கடலைத் தாண்டவில்லை. ரயிலில் போய் ஒரு பாலத்தை நடந்து கடந்தேன், அவ்வளவுதான். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பறந்த கொடி வேறு, போலீஸ்காரன் தொப்பி வேறு, அவன் வைத வார்த்தையும் வேறு. வெளிநாடு என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எல்லை எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் சித்தூர்த் தாலுகா கொச்சி ராஜாவுடையது. கிழக்கே நடந்தால் கோயமுத்தூர் ஜில்லா, வடக்கே நடந்தால் மலபார் ஜில்லா. இரண்டும் வெள்ளைக்காரனுடையவை. மாடு மேய்ப்பவன் ஒரு பகலில் ராஜாவிடமிருந்து துரையிடம் போய், பொழுது சாய ராஜாவிடம் திரும்பிவிடுவான். மாட்டுக்கு அதுகூடத் தெரியாது. அதனால், மலபாருக்குள்ளேயே பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு கைப்பிடி நாடு இருக்கிறது, அதற்கு மாகி என்று பெயர், அந்த ஊர்க்காரர்கள் மய்யழி என்பார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. போய்ப் பார்க்கலாமே என்றுதான் தோன்றியது. எந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலும் எனக்கு அப்படித்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வட்டவடையில் பூண்டு நட்டிருக்கிறேன், தேவிகுளம் பக்கம் தேயிலைக் காட்டில் மூட்டை சுமந்திருக்கிறேன். ஓரிடத்தில் இரண்டு மழைக்காலம் இருந்ததில்லை.

ஆனால் மய்யழிக்கு நான் என் ஆசைக்காகப் போகவில்லை. பாவாயி அண்ணிக்காகப் போனேன்.

அண்ணி என் பெரியப்பன் மகன் மாரப்பனின் மனைவி. ஐரோப்பாவில் பெரிய சண்டை மூண்ட வருஷம், ஆவணி மாதத்தில், கல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மாரப்பண்ணன் மய்யழிக்குப் போனார். மகள் செல்லாத்தாவுக்கு அப்போது நாலு வயது. தைப் பொங்கலுக்கு வந்துவிடுகிறேன் என்றவர் வரவில்லை. கூடப் போன ஒருவன் மட்டும் திரும்பி வந்து, மாரப்பன் கப்பலேறிவிட்டான் என்று சொன்னான். அதற்குப் பிறகு ஊர் தன் விருப்பத்துக்குச் சொல்லிக்கொண்டது. செத்துப்போயிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். அதில் சுவை போதவில்லை. பிரெஞ்சுச் சீமையில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறார் என்பதைத்தான் பெரும்பாலோர் நம்பினார்கள்.

"தொரசானி கையால ரொட்டி திங்கறவனுக்கு உன்ற களி எங்கடி நெனப்பிருக்கும்?" என்று பக்கத்து வீட்டுக் குப்பாயி கிணற்றடியில் கேட்டாளாம். அண்ணி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது செல்லாத்தாவுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை நடத்திவைப்பவரை அருமைக்காரர் என்போம். எங்கள் அருமைக்காரர் நல்ல மனுஷர், ஆனால் முறை பிசகமாட்டார்.

"பாவாயி, மணவறையில தாலியோட நிக்கறவ புருசன் இருக்கறவளா இருக்கோணும். இல்லீன்னா அதை எறக்கி வெச்சுப்போடோணும். ரண்டுங்கெட்டாப்புல நின்னா புள்ளைக்கு ஆகாது சாமி. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு" என்றார்.

சம்பந்தி வீட்டார் அதையே வேறு விதமாகக் கேட்டார்கள். அப்பன் இல்லாத பெண் என்றால் சரி, அப்பன் விட்டுவிட்டு ஓடிய பெண் என்றால் யோசிக்க வேண்டும் என்றார்கள். அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். நாலு பேரிடம் மலையாளம் பேசி வழி கேட்கத் தெரிந்தவன் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

முதல் நாளே ஷொர்ணூரில் எங்கள் பயணம் முடிந்துவிடப் பார்த்தது. அங்கே வண்டி மாற வேண்டும். அண்ணி பெண்கள் பெட்டியில் வந்தார். நான் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டி காலி. கூட வந்த பாலக்காட்டுப் பட்டர் வீட்டு அம்மாள் ஒருத்தி, இந்த அம்மாள் எங்கே போகிறார் என்று கேட்காமலே, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன்னோடு எர்ணாகுளம் வண்டியில் உட்காரவைத்துவிட்டாள். உதவி செய்யும் வேகத்தில் சிலருக்குக் கேள்வி கேட்க நேரமிருப்பதில்லை. கார்டு விசில் ஊதும்போது அண்ணியை நான் இழுத்து இறக்கினேன். சோற்று மூட்டை இறங்கவில்லை. எங்கள் புளிச்சோறும் வறுத்த கடலையும் எர்ணாகுளம் போய்ச் சேர்ந்தன.

"உடுங்க கொழுந்தனாரே. ஆரோ பசிச்சவிய திங்கட்டும்" என்றார் அண்ணி.

அடுத்த வண்டியில் எல்லோரும் ஒரே பெட்டி. எதிரே இருந்த மாப்ளா முஸ்லிம் வியாபாரி ஒருவர் நாங்கள் வெறும் வாயோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவித்த நேந்திரம்பழத்தை இலையோடு நீட்டினார். அவர் மலையாளத்தில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "பாண்டிக்காரர்கள். பாவம், பழத்தை அவித்துத் தின்னலாம் என்றே அவர்களுக்குத் தெரியாது."

மலையாளத்தாருக்குத் தமிழ் பேசுகிறவன் எல்லாம் பாண்டிக்காரன்தான். நான் அதைச் சொன்னதும் அண்ணிக்கு ரோஷம் வந்தது. "நாங்க பாண்டியில்லீங்க, சித்தூருங்க" என்று அவரிடம் தமிழிலேயே சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு பழம் கொடுத்தார்.

அண்ணி அதன்பிறகு ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் பக்கம் பார்த்த இடமெல்லாம் பனைதான். வரப்புக்கு வரப்பு வரிசை கட்டி நிற்கும். மேற்கே போகப் போக அது குறைந்து, பிறகு அறவே இல்லாமல் போய், தென்னையும் பலாவுமாக மூடிக்கொண்டது. எவ்வளவு பச்சை இருந்தாலும் எங்கள் கண்ணுக்கு அது அடைப்புதான். வானம் தெரியவில்லை.

"ஒத்தப் பனையக் காணோமுங்களே. இந்த ஊருல எப்படித்தான் இருந்தாரோ" என்றார்.

மறுநாள் காலையில் பாலத்தைக் கடந்தோம். உள்ளே போகிறவனை யாரும் கேட்பதில்லை. வெளியே வருகிறவனைத்தான் இங்கிலீஷ் பக்கத்துச் சுங்கக்காரன் மடியைத் தடவிப் பார்க்கிறான். காரணம் போனதும் தெரிந்தது. அந்தக் கைப்பிடி நாட்டில் கோயிலைவிடச் சாராயக் கடை அதிகம். சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரன் ஒருவன் ஒரு கடை வாசலில் நின்று, உள்ளே இருந்தவனைப் பிரெஞ்சில் வைதுகொண்டிருந்தான். உள்ளே இருந்தவன் மலையாளத்தில் திருப்பி வைதான். இருவருக்கும் புரிந்தது. ஆற்றங்கரையில் வரிசையாக மரமும் நடைபாதையும் போட்டு, ஊர் துடைத்து வைத்த பித்தளைச் செம்பு மாதிரி இருந்தது.

சாப்பாட்டுக் கடையில் சிவப்பரிசிக் கஞ்சியும், தேங்காயெண்ணெயில் பொரித்த மத்தி மீனும் கிடைத்தன. நான் இரண்டையும் ஒரு கை பார்த்தேன். எங்கள் பக்கம் தேங்காயெண்ணெய் தலைக்குத்தான். அந்த வாசத்தில் சோறு இறங்காமல் அண்ணி கஞ்சியை உப்பு போட்டுக் குடித்தார்.

சர்க்கார் ஆபீஸில் இருந்த குமாஸ்தா புதுச்சேரித் தமிழர். "உக்காருங்கம்மா, நமக்கும் தமிழ்தான்" என்று நாற்காலி போட்டார். அண்ணி தரையில் உட்கார்ந்தார்.

"சிப்பாயா சேர்ந்தாரா, கூலியா போனாரா?"

"கல்லு வேலைக்கு வந்தாருங்க. அப்பறம் கப்பலேறிட்டாருன்னாங்க."

"சிப்பாயின்னா புதுச்சேரிக்கு எழுதிக் கேக்கலாம்மா. கூலிக்குப் போனவங்க கணக்கு நம்மகிட்ட கிடையாது. அந்த வருஷம் போனவங்க கொஞ்சமா நஞ்சமா?" அவருக்கே சங்கடமாக இருந்தது. எங்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் கோட்டைக் கதையைச் சொன்னார். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால் மிளகுக்காக வந்தார்களாம் பிரெஞ்சுக்காரர்கள். ஆற்றுமுகத்தில் இறங்கி, இங்கே ஆண்டுகொண்டிருந்தவரோடு சண்டை போட்டு, குன்றுக்குக் குன்று கோட்டை கட்டினார்களாம். பிறகு இங்கிலீஷ்காரன் வந்து இடித்தான். திருப்பிக் கொடுத்தபோது ஊரைக் கொடுத்தானே ஒழிய, மறுபடி கோட்டை கட்டும் உரிமையைக் கொடுக்கவில்லை. அதனால் இடிந்த கோட்டைக் கல்லைப் பெயர்த்து ரோட்டுக்கும் கரைச் சுவருக்கும் போட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர் செஞ்ச கல்லு வேலை அதுவாத்தாம்மா இருக்கும். செறுகல்லாயிக் குன்றுக்குப் போங்க. கணாரன்னு ஒருத்தன், கல்லு வெட்டறவன், இன்னும் அங்கதான் இருக்கான்."

அண்ணி வெளியே வந்து, "மொளகுக்கா இத்தன சண்டை?" என்றார்.

மூன்றாம் நாள் குன்றுக்கு நடந்தோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, நடுவில் ஒரு துண்டு இங்கிலீஷ், அதைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சு. எங்கள் ஊர் மாடுகளை இங்கே கொண்டுவந்தால் தலை சுற்றும்.

கோட்டை என்றதும் நான் பாலக்காட்டுக் கோட்டையை நினைத்துக்கொண்டு போனேன். கருங்கல் மதிலும் தண்ணீர் நிற்கும் அகழியுமாக அது இன்றைக்கும் யாரையோ எதிர்பார்த்து நிற்கிறது. இங்கே அப்படி ஒன்றுமில்லை. பாசி பிடித்த செம்பாறைக் கல் ஆள் உயரத்துக்கு ஓரிடத்தில், இடுப்புயரத்துக்கு இன்னோரிடத்தில். அகழிக்குள் முந்திரி மரங்கள். பீரங்கி இருந்த மேட்டில் ஆடு கட்டியிருந்தது. மேட்டில் ஏறினால் கடல் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, இந்த மேட்டுக்காகச் செத்த பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஊரில் யாராவது காத்திருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டில் கேள்விக்கு யார் பதில் சொன்னார்களோ தெரியவில்லை.

கணாரன் குன்றின் சரிவில் வீட்டுக்குக் கல் வெட்டிக்கொண்டிருந்தான். நரைத்த தலை, இரும்பு மாதிரிக் கை. அண்ணன் பெயரைச் சொன்னதும் மழுவைக் கீழே வைத்தான். அவன் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"பாண்டி மாரப்பனா? நீங்கள் அவன் ஆட்களா? அப்படியானால் முதலில் அவன் செய்துவைத்த கூடோத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள். இத்தனை வருஷமாக இந்தப் பக்கம் பெண்களும் பிள்ளைகளும் வருவதில்லை."

கூடோத்திரம் என்றால் மண்ணில் புதைத்து வைக்கும் சூனியம். நான் திகைத்துப்போய் அண்ணிக்குச் சொன்னேன். "அவரா? அவருக்குச் சாமி கும்புடவே ஒழுங்காத் தெரியாதுங்களே" என்றார் அண்ணி.

கணாரன் சொன்ன கதை இது. மாரப்பன் வரும்போது ஒரு சாக்கு நிறையக் கறுப்பாக ஏதோ பழம் கொண்டுவந்தான். சுட்டுத் தின்னக் கொடுத்தான். வாசத்திலேயே தலைவலித்தது, நாரெல்லாம் பல்லில் மாட்டிக்கொண்டது. யாரும் தின்னவில்லை. அவன் மட்டும் தின்று தீர்த்து, கொட்டைகளை எறியாமல் சேர்த்துவைத்தான். ஒரு நாள் கோட்டைச் சுவரோரம் மண்ணைக் கொத்தி எல்லாவற்றையும் புதைத்தான். என்னடா என்றால், "தை மாதம் பார், அதுவரை தொடாதே" என்று சிரித்தான். ஐப்பசியில் ஒரு கப்பல்காரன் கொழும்பில் கரி இறக்க ஆள் கேட்டான். மாரப்பனும் இந்த ஊர்ப் பையன் ஒருவனும் போனார்கள்.

"கோட்டை இருக்கும் இடத்தில் எப்போதும் புதையல் பேச்சு இருக்கும். பாண்டி எதையோ புதைத்தான் என்று நாலு பேர் வந்து ஒரு மூலையைக் கிளறினார்கள். உள்ளே முடி முளைத்த தலை மாதிரி உருண்டை உருண்டையாக! ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விரல் பூமிக்குள் இறங்கியிருந்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஓடிவந்தார்கள். கிளறியவர்களில் ஒருவனுக்கு அன்றே காய்ச்சல். அதற்குப் பிறகு யார் தொடுவார்கள்?"

அவன் கதையை முடிப்பதற்குள் அண்ணி நடக்க ஆரம்பித்துவிட்டார். சுவர் திரும்பும் மூலையில், செம்பாறைக் கல்லுக்கும் முந்திரி மரத்துக்கும் நடுவில், எங்கள் பனை நின்றது. பனை என்று சொல்வதற்கு மரம் எதுவும் எழவில்லை. விசிறி விசிறியாக, ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டு, ஒரே புதராக, ஆளை மறைக்கும் உயரத்துக்கு ஓலைகள். கடற்காற்றில் எங்கள் ஊர் வரப்பில் கேட்கும் அதே சடசடப்பு.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ, கெழங்குப் பாத்திங்க! இதுக்கா பயந்தாங்க? பனங்கெழங்குங்க கொழுந்தனாரே!" கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கணாரனுக்கு நான் விளக்கினேன். அவன் நம்பாமல் என்னையும் புதரையும் மாறி மாறிப் பார்த்தான்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணி பாத்தியின் ஓரமாகவே ஒரு சுற்று நடந்துவந்து உட்கார்ந்தார்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பனை மரம் வேண்டுமென்றால் வரப்பில் தள்ளித் தள்ளி ஒரு கொட்டையாகப் போடுவோம். அதன் பலன் பேரனுக்கு. கிழங்கு வேண்டுமென்றால் மண்ணைப் பொலபொலப்பாகக் கொத்தி, கொட்டையோடு கொட்டை ஒட்ட அடுக்கி மூடுவோம். ஆவணியில் போட்டால் தையில் தோண்டி வேகவைத்துத் தின்ன வேண்டும். விட்டால் நாராகிவிடும், ஓலை விரிந்துவிடும். தோண்ட நினைக்காதவன் இப்படி அடுக்கமாட்டான்.

"கொழுந்தனாரே, மரத்துக்குப் போடலீங்க. கெழங்குக்குப் போட்டிருக்காரு."

"ஆமாங்க அண்ணி."

"தையில இங்க வந்து தோண்டி, பொங்கலுக்கு ஊட்டுக்குக் கொண்டாறதுக்குப் போட்டிருக்காரு."

எனக்கு அவர் போகும் திசை புரிந்தது. பிடிக்கவில்லை. கணாரனிடம் கேட்டேன்: கூடப் போன உங்கள் ஊர்ப் பையன் என்ன ஆனான்? "சைகோனில் கடை வைத்திருக்கிறான். வேறு கல்யாணமும் செய்துகொண்டான் என்று கேள்வி. கொழும்பில் ஆளுக்கொரு கப்பல் மாறினார்களாம். மாரப்பன் ஏறின கப்பலின் பெயர்கூட அவனுக்குத் தெரியவில்லையாம்."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "பாத்தீங்களாண்ணி? அண்ணனும் எங்கியாவது இருப்பாருங்க. மனசு மாறியிருக்கலாம், வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருக்கலாம்."

"மனசு மாறட்டுங்க, ஆரு மாறலை? கெழங்கு போட்டுட்டுப் போன மூணு மாசத்துக்குள்ளயா மாறும்? போட்டதத் தோண்டாம உடறவரில்லீங்க அவரு. ஒத்தக் கெழங்கு மண்ணுல ஒடிஞ்சு நின்னாக்கூட வெரலைப் போட்டு எடுப்பாரு. உசுரிருந்தா வந்திருப்பாருங்க."

திரும்பி வந்து தோண்டும்படி நான் எந்த ஊரிலும் எதையும் போட்டுவிட்டு வந்ததில்லை. அந்தக் கணக்கு தெரிந்தவரோடு நான் எப்படி வாதாடுவது?

அண்ணி அழவில்லை. ஒரு பையனை ஊரைவிட்டு அனுப்பும்போது முதுகைத் தடவுவோமே, அப்படி ஓலையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. கணாரன் தூரத்தில் நின்றவன் மெல்ல வந்து, இதைத் தோண்டினால் இப்போதும் தின்னலாமா என்று கேட்டான்.

"இனி ஆவாதுன்னு சொல்லுங்க. நாலே நாலு நேரா நிக்கறத உட்டுட்டு மத்ததையெல்லாம் வெட்டிப்போடச் சொல்லுங்க. இல்லீன்னா ஒண்ணுக்கொண்ணு நெரிச்சு எதுவுமே மரமாவாது."

நான் சொன்னேன். எந்த நாலு என்று அவன் கேட்டான். அண்ணி எழுந்துபோய்ப் புதருக்குள் குனிந்து, பார்த்துப் பார்த்து நாலைத் தொட்டுக் காட்டினார். கணாரன் மழுவால் ஒவ்வொன்றின் மட்டையிலும் அடையாளம் கீறினான். தன் கூட்டாளியின் மனைவிக்கு முன்னால் அவன் பயம் போய்விட்டிருந்தது. மற்றவற்றை அன்று சாயங்காலமே வெட்டுவதாகச் சொன்னான். எங்களை வீட்டுக்கு அழைத்துப்போய் மரவள்ளிக் கிழங்கும் பாலில்லாத கட்டஞ்சாயாவும் கொடுத்தான்.

கிளம்பும்போது அந்த நாலில் ஒன்றிலிருந்து ஒரே ஓர் ஓலையை அண்ணி அறுத்து எடுத்துக்கொண்டார். பாலத்தின் இந்தப் பக்கம் சுங்கக்காரன் பிடித்துக்கொண்டான். பிராந்திக் குப்பி இல்லாமல் யாராவது மய்யழியிலிருந்து வருவார்களா என்று அவனுக்குச் சந்தேகம். ஓலையை விரித்தான், மடக்கினான், வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"எந்த ஊர்?"

"சித்தூர்."

அவன் தோழனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை என்று நாம் சொல்வோமே, மலையாளத்தில் அதே மாதிரி ஏதோ ஒன்று சொன்னான். அண்ணி ஓலையை வாங்கிப் பழையபடி மடக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். ரயிலில் அதைக் கீழே வைக்கவில்லை. பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டுக்கு முன்னால் முதல் பனை வரிசை தெரிந்தபோதுதான் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டு வாசலில் கூட்டம் காத்திருந்தது. அருமைக்காரர் இருந்தார், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், கிணற்றடிக் குப்பாயி சுவரோரம் நின்றாள். ஆபீஸ், குமாஸ்தா, கப்பல், கொழும்பு என்று எங்கிருந்து தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சாமி தெரிஞ்சுது?" என்றார் அருமைக்காரர்.

அண்ணி சொன்னார்: "கோட்டைக்குள்ள கெழங்கு போட்டிருந்தாருங்க. தோண்டலீங்க."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். முதலில் அழுதவள் குப்பாயி. ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு, "என்ற வாயில மண்ணு உழ" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

செய்ய வேண்டியவற்றையெல்லாம் முறைப்படி செய்தார்கள். அண்ணி தாலியை இறக்கினார். கல்யாணத்தைத் தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தார்கள். அது தை மாதத்தில் நடந்தது. மணவறையில் தாய் இடத்தில் பெரியப்பன் வீட்டு இன்னொரு மருமகள் நின்றாள். அண்ணி பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால், அடுப்படிப் பக்கமாக நின்றார். அப்படி நிற்கவேண்டியதை எண்ணி நான் சங்கடப்பட்டேன். அவர் முகத்தில் அது தெரியவில்லை.

பந்தல் முழுக்க எங்கள் ஊர்ப் பனையோலை, எல்லாம் அன்றைக்கு அறுத்த பச்சை. மணவறைக்கு நேர் மேலே மட்டும் ஒன்று காய்ந்து பழுப்பாக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் செல்லாத்தா தலையை நிமிர்த்தி அதைத்தான் முதலில் பார்த்தாள்.